பத்தாவது புத்தகம்

1996இல் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை ஒன்றில் அக்கா அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். அட்டை பாதி கிழிந்திருந்தது. ஏறத்தாழ 800 பக்கம். ராபர்ட் ஜோர்டன் 1990இல் வெளியிட்ட 'தி ஐ ஆஃப் த வேர்ல்ட்'. கடைக்காரர் 40 ரூபாய் சொன்னார். அக்கா 30க்குப் பேசி முடித்தாள். அது 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையின் முதல் புத்தகம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஒதுக்குப்புறமான ஒரு கிராமம். ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை ராண்ட். அவனைத் தேடி மொய்ரேன் என்ற பெண் வருகிறாள். உலகை இயக்கும் ஆற்றலில் ஆண்களுக்குரிய பாதி கறைபட்டுக் கிடக்கிறது. அதைத் தொடும் ஆணுக்குப் பித்துப் பிடிக்கும். அதனால் அரசர்களும் அஞ்சும் இடத்தில் ஏஸ் செடாய் என்ற பெண்கள் கூட்டம் இருக்கிறது. யுகங்கள் சக்கரம்போல் சுழன்று திரும்பத் திரும்ப வருகின்றன. நான் கதை சொல்லக் கேட்ட பாட்டி, "நம்ம சதுர்யுகம்தானே, இதுல என்ன புதுசு?" என்றாள். சொன்னாளே தவிர, மறுநாள் "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்க மறக்கவில்லை.

அப்போது எனக்கு 17 வயது, அக்காவுக்கு 21. ஆறு புத்தகங்கள் ஏற்கெனவே வந்திருந்தன. தேடித்தேடி வாங்கி ஒரே வருடத்தில் ஆறையும் முடித்தோம். ஒரு புத்தகத்தை இரண்டாகக் கிழித்து, முன்பாதியை அவளும் பின்பாதியை நானும் வைத்துக்கொண்டதும் உண்டு. அவள் முடிக்கும்வரை நான் என் பாதியைத் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம்.

அதன் பிறகு காத்திருப்பு தொடங்கியது. முதல் ஆறு புத்தகங்களை ஜோர்டன் 1990இலிருந்து 1994க்குள் வெளியிட்டிருந்தார். ஏழாவது 1996, எட்டாவது 1998, ஒன்பதாவது 2000. பத்தாவதான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்' 2003 ஜனவரியில் வந்தது. எனக்கு வேலை கிடைத்திருந்த நேரம். முதல்முறையாக ஒரு ஜோர்டன் புத்தகத்தை முழு விலை கொடுத்துப் புதிதாக வாங்கினேன்.

ஒன்பதாவது புத்தகத்தின் முடிவில் ராண்டும் அவன் ஊர்க்காரியான நைனீவும் அந்த ஆதிக் கறையைக் கழுவிவிடுகிறார்கள். கதை தொடங்கிய நாளிலிருந்து எல்லோர் தலைமேலும் தொங்கிய சாபம் அது. இனி என்ன ஆகும் என்று இரண்டு வருடம் கற்பனை செய்துகொண்டிருந்தேன். பத்தாவது புத்தகத்தின் பெரும்பகுதியோ, அந்தக் கறை கழுவப்பட்ட நாளில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையே சொன்னது. தொலைவில் எழும் பேராற்றலை ஒவ்வொருவராக உணர்ந்து திகைக்கிறார்கள். ராண்டின் நண்பன் பெர்ரின் கடத்தப்பட்ட மனைவியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். இளவரசி எலேன் அரியணைக்கு இன்னும் ஆள் சேர்க்கிறாள். நடுவில் குளியல், தேநீர், உடை வர்ணனை. பாதியில் மூடிவிட்டேன்.

உலகெங்கும் அந்த வரிசையின் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தது அந்தப் புத்தகத்தில்தான். எங்கள் வீடும் பிரிந்தது.

"ரெண்டு வருஷம் காத்திருந்தது இதுக்கா? காசுக்காக இழுக்கிறாருக்கா" என்றேன்.

"பெரிய விஷயம் ஒண்ணு நடக்கிறப்ப, அந்த இடத்துல இல்லாதவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னும் யாராவது எழுதணும்டா. உலகத்துல பாதிப் பேர் அப்படித்தான் இருக்காங்க" என்றாள் அக்கா.

இன்னொன்றும் சொன்னாள். அதுவரை அவள் படித்த சாகசக் கதைகளில் பெண் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே இருந்தாள். இங்கே பெண்கள் சபை கூட்டுகிறார்கள், படை நடத்துகிறார்கள், ஒருவரையொருவர் கவிழ்க்கிறார்கள். "அவங்க டீ குடிச்சுக்கிட்டே ஒரு நாட்டோட தலையெழுத்த மாத்தறாங்க. உனக்கு டீ மட்டும்தான் தெரியுது" என்றாள். அந்த வாக்கியத்துக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

2005இல் பதினொன்றாவது வந்தது. அக்காதான் வாங்கினாள். பத்தாவதை விட்டுவிட்டு நேராக இதைப் படிக்கிறேன் என்று கேட்டேன். தரவில்லை. "நடுவுல இருக்கிறதத் தாண்டிட்டு வந்து என்னத்தத் தெரிஞ்சுக்கப்போற? முடிச்சுட்டு வா, தரேன்." முடித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். கதை மறுபடி வேகம் பிடித்திருந்தது. இன்னும் ஒரே புத்தகம்தான் என்று ஜோர்டன் சொல்லியிருந்தார்.

அதை அவர் முடிக்கவில்லை. இதயத்தைப் பாதிக்கும் அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் தமக்கு வந்திருப்பதை 2006இல் அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று 58 வயதில் காலமானார். செய்தியை அக்காவுக்குத் தொலைபேசியில் நான்தான் சொன்னேன். மடியில் ஒரு வயதுக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அக்கா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. 'காசுக்காக இழுக்கிறார்' என்று நான் சொன்ன மனிதர், தம் கடைசி நாள்களில் கதையின் மீதியைக் குடும்பத்தாரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அந்தச் சொல்லுக்காக இன்றும் வருந்துகிறேன்.

ஜோர்டனின் மனைவியும் அவருடைய எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரிடம் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை ஒப்படைத்தார். பதின்வயதிலிருந்தே இந்த வரிசையைப் படித்து வளர்ந்தவர் அவர். ஒரு புத்தகம் மூன்றாக விரிந்து 2009, 2010, 2013இல் வந்தது. மொத்தம் 14. நான் மூன்றையும் நன்றியோடு படித்தேன். அக்கா தொடவே இல்லை. "அவர் எழுதாதது எனக்கு வேண்டாம்டா" என்றாள்.

அன்று மடியில் அழுத குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். 2021இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் வழியாக அவள் இந்தக் கதைக்கு வந்தாள். மூன்று சீசனோடு 2025 மே மாதத்தில் அது நிறுத்தப்பட்டபோது கோபம் தாங்காமல் புத்தகத்துக்குப் போனாள். ஆறே மாதத்தில் 11 புத்தகங்களை ஃபோனிலேயே முடித்துவிட்டாள். 'பத்தாவது எப்படி இருந்தது?' என்று கேட்க நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"பத்தாவது எது மாமா? ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தத திறந்துடுவேன், எது எங்க முடிஞ்சுதுன்னே ஞாபகமில்ல. பெர்ரின் தேடிட்டே இருப்பானே, அதுவா? கொஞ்சம் நீளம்தான். ஒரு வாரத்துல போயிடுச்சு."

எங்கள் வீட்டில் அண்ணன்தம்பிச் சொத்துச் சண்டைபோல் நடந்த வழக்கு அவளுக்கு ஒரு வாரம். அவள் கோபப்பட்ட இடங்கள் வேறு. அம்மா கொண்டாடிய பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், ஆண்களை ஒரே மாதிரி திட்டுகிறார்கள், நைனீவ் எத்தனை தரம்தான் பின்னலைப் பிடித்து இழுப்பாள் என்றாள். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "நாங்க படிச்சப்ப அந்தப் பின்னலே பெரிசுடி" என்றாள். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது.

பன்னிரண்டாவதில், ராண்டின் இன்னொரு நண்பன் மேட் வரும் இடத்தில், மருமகள் நின்றுவிட்டாள். "இது மேட் இல்ல மாமா. மேட் மாதிரி யாரோ பேசறாங்க" என்றாள். சாண்டர்சனின் கையில் மேட் மாறிவிட்டான் என்று அன்றைக்கே பல வாசகர்கள் சொன்னார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. கதை நின்றுபோகாமல் வந்ததே போதும் என்ற மனநிலையில் படித்திருந்தேன். காத்திருந்து படித்ததால் பத்தாவதை வெறுத்தேன். காத்திருந்து படித்ததாலேயே பன்னிரண்டாவதை மன்னித்தேன். காத்திருக்காத அவளுக்கு வெறுக்கவும் மன்னிக்கவும் காரணம் பக்கங்களுக்குள் மட்டுமே இருந்தது. இதை உணர எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதனால் என் தீர்ப்பு பொய்யென்றும் சொல்லமாட்டேன். அந்த இரண்டு வருடங்களும் எனக்கு அந்தப் புத்தகத்தின் பக்கங்கள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகளிடம் ஒன்று சொன்னேன். பதினான்காவதின் கடைசிக் காட்சியை ஜோர்டன் தாம் இறப்பதற்கு முன்பே எழுதிவைத்திருந்தார். அவள் உடனே அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, கடைசி சீன் அவரே எழுதினதாம். அத மட்டுமாவது படி."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நடுவுல இருக்கிறதத் தாண்டிட்டு கடைசிய எப்படிடி படிக்கிறது?"

சொன்னவள் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் எதுவும் பேசவில்லை. அன்று சாயங்காலம் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள். எல்லாம் மறந்துவிட்டது, முதலிலிருந்தே வருகிறேன் என்று அட்டை கிழிந்த அந்த முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

மருமகள் பன்னிரண்டாவதை மூடிவைத்திருக்கிறாள். அம்மா வந்து சேரட்டும், மேட்டைப் பற்றிச் சேர்ந்தே சண்டை போடலாம் என்கிறாள். அக்கா ஒரு நாளைக்கு 20 பக்கம் படிக்கிறாள்.