மைலேறும் பெருமாள்

பில் மேஜைக்கு வருவதற்கு முன்பே அவர் கை நீண்டிருக்கும். "அதெல்லாம் முடியாது, நான்தான் போடுவேன்" என்று சர்வரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்து நெகிழ்ந்துபோவார்கள். நம் ஊரிலும் பில்லுக்குச் சண்டை போடுகிறவர்கள் உண்டுதான். ஆனால் அங்கே ஜெயித்தவர் பணம் கட்டுவார். இங்கே ஜெயித்தவர் கார்டைத் தேய்த்துவிட்டு, நாம் கை கழுவி வருவதற்குள் வாட்ஸப்பில் கணக்கு அனுப்பியிருப்பார்: "தலைக்கு 31 டாலர் 40 சென்ட். ஸெல்லில் போட்டுவிடுங்க." எட்டுப் பேர் சாப்பாடு, ஓட்டல் செலவுக்கு டாலருக்கு நாலு பாயின்ட். நாம் ஏப்பம் விடுவதற்குள் அவர் கணக்கில் ஆயிரம் பாயின்ட் ஏறிவிடும்.

புதுக் கார்டு வாங்கியிருந்தால் இன்னும் கஷ்டம். முதல் மூன்று மாதத்தில் நாலாயிரம் டாலர் செலவழித்தால்தான் போனஸ் என்பான் பேங்க்காரன். அந்த மூன்று மாதமும் அவர் கண்ணுக்கு நாமெல்லாம் மனிதர்களாகத் தெரிய மாட்டோம், செலவுகளாகத்தான் தெரிவோம். ஜனவரிக் குளிரில் வீட்டு ஃபர்னஸ் செத்துப்போய்விட்டது என்று புலம்பினால், "அடடா" என்பார். ஆனால் முகத்தில் வெளிச்சம் வந்துவிடும். "எவ்வளவு ஆகும்? எட்டாயிரமா? வர்றவன் கார்டு வாங்குவானா? நான் போட்டுக்கறேன், நீங்க எனக்கு செக் கொடுங்க." பையனின் காலேஜ் ஃபீஸ், பெண்ணின் பல் கம்பி, அரங்கேற்றத்துக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் இதே கரிசனம்தான். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வரிசையில் முன்பின் தெரியாதவரிடம் போய், "உங்களுது இருபத்தொண்ணா சார்? கேஷை என்கிட்ட கொடுங்க" என்று வாங்கி, கவுன்ட்டரில் தன் கார்டைத் தேய்ப்பார். புண்ணியம் உங்களுக்கு, பாயின்ட் அவருக்கு. ஓர் இழவு வீட்டில், அடக்கம் செய்கிற கம்பெனி கார்டு வாங்குமா என்று அவர் மெல்ல விசாரித்ததைக் காதால் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் அந்தப் பாயின்ட்டை மைலாக மாற்றி, விமானத்தில் முதல் வகுப்பில் பறப்பதற்காக.

யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. இப்படி ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். "மைலேறும் பெருமாள்" என்பது பொதுப்பெயர்.

பெருமாளிடம் புராணங்களும் உண்டு. 1999-ல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற எஞ்சினியர், லேபிளை வெட்டி அனுப்பினால் மைல் தருகிறார்கள் என்று தெரிந்து, சுமார் மூவாயிரம் டாலருக்கு 12,150 கப் புட்டிங் வாங்கிக் குவித்து, பன்னிரண்டரை லட்சம் மைல் பார்த்த கதையை ஆண்டவன் அவதாரம்போலச் சொல்வார். அதைவிட உருக்கமானது நாணயக் கதை. 2008-லிருந்து அமெரிக்க அரசின் நாணயச்சாலை ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவர நினைத்து, அசல் விலைக்கே, தபால் செலவுகூட வாங்காமல் வீட்டுக்கு அனுப்பியது. நாணயத்தைக் கார்டில் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே பேங்கில் கட்டி, அதே பணத்தில் கார்டு பாக்கியை அடைத்தார்கள் மகான்கள். அரசுக்கு விழித்துக்கொள்ள 2011 ஆனது. இனிக் கார்டு செல்லாது என்றது. அந்த வருஷத்தைச் சொல்லும்போது பெருமாளுக்குத் தொண்டை அடைக்கும்.

"எவ்வளவு கொடுத்தேன் தெரியுமா டிக்கெட்டுக்கு? 5 டாலர் 60 சென்ட்!" இதைத்தான் நாளுக்கு நாலு முறை ஜபிப்பார். அது விமானப் பாதுகாப்புக்காக அமெரிக்க அரசு வாங்குகிற கட்டணம்; மைலில் வாங்கினாலும் விடாது. அந்த மைலைத் தருகிற கார்டுகளின் வருஷச் சந்தாவைப் பற்றி மூச்சு விட மாட்டார். ஸஃபையர் ரிசர்வ் 2016-ல் வந்தபோது 450 டாலர், 2025-ல் 795. அவரிடம் அந்த மாதிரி ஒரு கட்டு இருக்கிறது, சீட்டாடலாம்.

பறந்து என்ன சுகம் கண்டார் என்றால், சைவம், மது தொட மாட்டார். ஷாம்பேனை வாங்கி போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். மீன் முட்டையைக் குட்டிக் கரண்டியோடு கொண்டுவந்து வைத்தால் அதற்கும் போட்டோ. பிறகு தயிர் சாதம் உண்டா என்று கேட்பார். நியூயார்க்கிலிருந்து துபாய் போகும் எமிரேட்ஸ் ஏ380-ல் முதல் வகுப்புக்காரர்கள் குளிக்க ஷவர் உண்டு, தண்ணீர் ஐந்து நிமிஷம். 2019 ஜூனில் ஏரியெல்லாம் வறண்டு சென்னையே லாரித் தண்ணிக்குக் காத்துக் கிடந்தபோது, நங்கநல்லூரில் வந்து இறங்கி, வானத்தில் குளித்த கதையைத் தெருவில் நின்று விவரித்தார். குடத்தோடு நின்ற அடுத்த வீட்டம்மா, "அங்கேயே ரெண்டு குடம் பிடிச்சுட்டு வந்திருக்கலாமே தம்பி" என்றார்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்ஸாவின் முதல் வகுப்புக்காரர்களுக்கென்று 2004-ல் தனிக் கட்டடமே திறந்திருக்கிறார்கள். அங்கே தொட்டியில் குளித்தால் ஒரு ரப்பர் வாத்து கொடுப்பார்கள். பெருமாள் வீட்டு நவராத்திரிக் கொலுவில், பார்க்குக்கு நடுவே தெப்பக்குளத்தில், அந்த வாத்துகள்தான் மிதக்கின்றன. தசாவதாரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வாத்துக்கும் தல வரலாறு சொல்லி முடித்த பிறகே சுண்டல்.

மைலுக்கு விடுகிற முதல் வகுப்பு சீட் ஒரு விமானத்தில் ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. ஆகவே குடும்பம் எகானமியில். ஒருமுறை நடுவானில், முதல் வகுப்பில் கொடுத்த பைஜாமாவும் செருப்புமாகத் திரையை விலக்கிக்கொண்டு பின்பக்கம் வந்து, "இங்கே எப்படி இருக்கு?" என்று மனைவியை நலம் விசாரித்திருக்கிறார். அந்த அம்மாள் சொன்ன பதில் அச்சில் ஏறாது.

இதுவரை சிரித்தாயிற்று. இனி மூடி மறைப்பானேன்? அவர் என் மைத்துனர்தான்.

போன வருஷம் என் மாமனாருக்குத் திருச்சியில் சதாபிஷேகம். ஆறு மாதம் முன்பே நாள் குறித்துச் சொல்லிவிட்டோம். ஒரே பிள்ளை. மாமியார் போன் போட்டு, "என்னிக்குப்பா வர்றே?" என்று கேட்கும்போதெல்லாம், "சீட் திறக்கணும்மா" என்றே பதில். சில கம்பெனிகள் மிச்சமிருக்கும் சீட்டைக் கடைசி இரண்டு வாரத்தில்தான் மைல்காரர்களுக்கு விடுமாம். விட்டார்கள், டோக்கியோ வழியாக. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு அவர் வந்து சேர்ந்தது விசேஷத்துக்கு மறுநாள் காலை. பிள்ளை முதலில் ஊற்ற வேண்டிய கலசத் தண்ணீரை மாப்பிள்ளை நான் ஊற்றினேன். அந்தப் பெரியவர் தலை குனிந்து உட்கார்ந்தபடியே வாசலை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ஆயிரத்துச் சொச்சம் டாலர் கொடுத்து மற்றவர்களைப்போல எகானமியில் ஏறி வருவதற்கு என்ன கேடு? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்றுதான் மறுநாள் திண்ணையில் காத்திருந்தேன்.

கேட்க விட்டால்தானே? மாமனார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டையர் ஆனவர். பிள்ளை காரிலிருந்து இறங்கியதும் "ஏன் லேட்டு" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எந்த ரூட்டு?" என்றார். டோக்கியோவைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நடுவுல பிரேக் ஜர்னி உண்டா? எத்தனை நாள் இறங்கிக்கலாம்? சுத்து வழியில போனா ஒத்துக்கிறானா?" இரண்டு பேரும் காலண்டரைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கோடு போட்டு உலகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்து மூடினேன்.

காபி கொண்டுவந்த மாமியார் என்னைப் பார்த்தார். "அவனைச் சொல்லி என்ன பண்றது மாப்பிள்ளை? திருநெல்வேலியில எங்க அம்மா வீட்டுல இவன் பிறந்தப்ப தந்தி போச்சு. இந்த மனுஷர், பாஸ் எழுதி வரலைன்னு, நாலு நாள் கழிச்சுத்தான் வந்தாரு. அதுவும் மதுரையில இறங்கி மீனாட்சியைப் பார்த்துட்டு!"