புல்லுக்குப் பாடம் படிக்கப் போற மருமவனுக்கு

மாப்ளே, நீ புல்லு வெட்டுறதுக்கு கோர்ஸு சேர்ந்துட்டேன்னு ஒங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வருது. யோங் பெங் என்ன அம்புட்டுப் பெரிய ஊரா? கே.எல்.லுக்கும் ஜேபிக்கும் நடுவுல பஸ்ஸை நிறுத்தி, மீன் உருண்டை சூப்பு குடிச்சுட்டு ஏறிப் போறவங்கதான் பாதிப் பேரு. மிச்சப் பாதிக்கும் இந்நேரம் சேதி தெரிஞ்சிருக்கும்.

ஒனக்குத் தாய்மாமன்ங்கிற பாத்தியதையில கேக்குறேன். புல்லுக்கு எதுக்குடா வாத்தியாரு? நம்ம பக்கம் வருசத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. தாரு ரோட்டு வெடிப்புல மொளைக்குது, கோயில் கோபுரத்துல மொளைக்குது, ஒம் மாமன் தலையில மட்டுந்தான் மொளைக்கல. 2023 மார்ச்சு வெள்ளத்துல பத்து பகாட் மாவட்டமே முங்கிக் கெடந்துச்சே, தண்ணி வடிஞ்சதும் முதல்ல தலை தூக்குனது யாரு? நம்ம மாட்டுப்புல்லு. மனுசங்க வீட்டுக்குத் திரும்பறதுக்கு முந்தி அது திரும்பிருச்சு.

ஒந் தாத்தன் காலத்துல புல்லை வளக்கச் சொல்லி யாரும் சம்பளம் குடுக்கல, கொல்லச் சொல்லித்தான் குடுத்தான். பால்மரத்துக்கு நடுவுல லாலாங் புல்லு ஒரு குத்து தெரிஞ்சா கங்காணிக்குக் கண்ணு சிவந்துரும். லாலாங் வேரு இருக்கே, மண்ணுக்குள்ள ஒரு துண்டு விட்டாலும் திரும்ப ஒரு காடு. அதனால மருந்துல துணியை நனைச்சு, ஒவ்வொரு இலையா தொடச்சுக்கிட்டே போகணும். சாமி படத்தைத் தொடைக்கிற பக்தியில லாலாங்கைத் தொடச்சாங்க நம்ம பொம்பளைங்க. அதே ஆளு சாயந்தரம் துரை பங்களாவுக்குப் போயி, அங்கிட்டு இருக்கிற புல்லுக்குத் தண்ணி ஊத்தி, மட்டம் பாத்து வெட்டணும். காலையில கொல்லுறது, சாயங்காலம் கொஞ்சுறது. ரெண்டுக்கும் சேத்து ஒரே கூலி. ஒருத்தன் கையிலயும் ஒரு சர்டிபிகேட்டு கெடையாது.

வெள்ளைக்காரன் அப்பவே உசாரு. புல்லு வெட்டுற மெசினை 1830ல கண்டுபிடிச்சவன் எட்வின் பட்டிங். இங்கிலாந்துல ஸ்ட்ரவுட்ங்கிற ஊருக்காரன். கம்பளித் துணி மேல நீட்டிக்கிட்டு இருக்கிற நூலைச் செதுக்குற ஆலை மெசினைப் பாத்துட்டு, இதையே தரையில ஓட்டுனா என்னன்னு யோசிச்சான். நாம துணியைப் பாத்தா சேலை எடுக்கலாமான்னுதான் யோசிப்போம். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துல 1957லயே கோல்ப் திடல் புல்லுக்குன்னு ரெண்டு வருசப் படிப்பு வச்சுட்டான். ரெண்டு வருசம்டா, புல்லுக்கு!

வயித்தெரிச்சல் இன்னொண்ணு கேளு. நாம பிள்ளையாருக்குச் சாத்துற அருகம்புல்லு இருக்கே, அதைத்தான் அவன் பெர்முடா கிராஸுங்கிறான். ஜோர்ஜியா மாநிலத்துல டிப்டன்னு ஒரு ஊரு. அங்க கிளென் பர்ட்டன்னு ஒரு ஆராய்ச்சியாளரு அருகம்புல்லை ஆப்பிரிக்காப் புல்லு ஒண்ணோட கலந்து புது ரகமா எடுத்தாரு. 1956ல டிப்கிரீன், அப்புறம் டிப்வே. வெயில் நாடுகள்ல, நம்ம மலேசியாவுலயும், பல கோல்ப் திடல்ல குழி இருக்கிற இடத்துல அந்த வம்சம்தான் படுத்துக் கெடக்கு. மூணு, நாலு மில்லிமீட்டர் உசரத்துக்கு வெட்டுவான். நாலு பேங்க் கார்டை அடுக்கி வச்சுப் பாரு, அம்புட்டுத்தான் உசரம். நாம தலைமுறை தலைமுறையா அதைப் பிடுங்கி மாலை கட்டினோமே தவிர, இதுல காசு இருக்கும்னு ஒரு பய யோசிக்கல. பிள்ளையாரும் வாயைத் திறந்து சொல்லல.

புக்கிட் ஜாலில் அரங்கத்தையே எடுத்துக்க. 1998 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டுனது. ரொம்ப காலம் நம்ம மாட்டுப்புல்லுதான் அங்கயும். மழை பேஞ்சா பந்து ஓடாம அங்கனயே ஒக்காந்துக்கும், சனம் திட்டும். அப்புறமாத்தான் அதைப் பேத்தெடுத்துட்டு ஸியோன் ஸோய்சியான்னு ஒரு புல்லைப் போட்டாங்க. நம்ம ஜொகூர்க்காரன் முந்திக்கிட்டான். இஸ்கண்டார் புத்ரியில 2020ல திறந்த சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துல அப்பவே அந்தப் புல்லுதான். அங்க ஜே.டி.டி. காற்பந்துக் குழு ஜெயிக்கிறப்ப ஆட்டக்காரனுக்குக் கைதட்டுறியே, என்னைக்காவது புல்லுக்காரனுக்குத் தட்டியிருக்கியா? இனிமே தட்டு, தொழில் மரியாதை.

சரி, கோர்ஸுல என்னென்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதையெல்லாம் கேக்காம எப்படிப் பொழைக்கிறதுன்னு சொல்றேன், கேட்டுக்க.

ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல புல்லை வெட்டக்கூடாதுன்னு வாத்தியாரு சொல்லுவாரு. ஆறு சென்டிமீட்டர் இருந்தா நாலுல நிறுத்து, ரொம்ப வளந்து கெடந்தா ரெண்டு மூணு தவணையா எறக்கும்பாரு. நீ காதுல வாங்காதே. ஒரே இழுப்புல மொட்டை அடி. வீட்டுக்காரனுக்கு அன்னைக்கு மனசு நெறஞ்சிரும், ‘தம்பி நல்லா வழிச்சு விட்டான்’னு காசு குடுப்பான். பச்சை போனா புல்லுக்குச் சாப்பாடு ஏது? வேரு சுருங்கும், மண்ணு வெயிலைப் பாக்கும், காலியான எடத்துல தொட்டாச்சிணுங்கி வந்து குடும்பம் நடத்தும். அதைப் பிடுங்க நீ தனி பில்லு போடலாம். நம்ம தாமான்ல பாதி வீட்டு வாசல்ல இந்த வியாபாரம்தான் நடக்குது.

மெசினுக்கு வருவோம். தோள்ல மாட்டுற மெசினோட பிளேடு, மேல இருந்து பாத்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தும். அதனால வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா வீசி வெட்டு, வெட்டுன புல்லு ஏற்கெனவே வெட்டுன எடத்துல விழும்பாங்க. பிளேடோட முன்பக்க வலது முனை கல்லுலயோ சுவத்துலயோ பட்டா மெசினு ஒன்னையே தள்ளிவிடும்பாங்க. பக்கத்துல ஆளு நின்னா 15 மீட்டர் தள்ளி நிக்கச் சொல்லு, ரோட்டோரம்னா ரெண்டு பேரு வலையைப் பிடிச்சுக்கிட்டு கூடவே நடக்கணும்பாங்க. இதெல்லாம் பயந்தவனுக்கு. நீ வீரன். வலையில்லாம வெட்டு. ஒரு பொடிக்கல்லு போதும், போற புரோட்டான்காரனுக்குப் புதுக் கண்ணாடி, ஒனக்குப் புதுக் கடன். ரெண்டு பேருக்கும் லாபந்தானே?

மரத்தையும் விட்றாதே. நட்டு ரெண்டு வருசமான மரத்தைச் சுத்திப் புல்லு இருந்தா, மெசினுல சுத்துற நைலான் கயித்தைப் பட்டையோட ஒட்டி ஓட்டு. இலை சமைக்கிற சாப்பாடு வேருக்கு எறங்குற வழி பட்டைக்குப் பின்னாடிதான் இருக்கு. சுத்தி ஒரு வளையம் உரிஞ்சா வேரு பட்டினி. மரம் அன்னைக்கே சாகாது. நீ காசு வாங்கிட்டுப் போன பெறகு, சாவகாசமாச் சாகும். நம்ம தெருவுல எல்லா மரமும் கணுக்கால் ஒசரத்துல காயத்தோட நிக்குதே, எந்த வியாதின்னு நெனச்சே? மெசினு வியாதிடா.

உரம் போடுறதுக்குக் கணக்குப் போடச் சொல்லுவாங்க. மூட்டையில 15:15:15னு போட்டிருந்தா, நூறு கிலோவுல தழைச்சத்து 15 கிலோ. சதுர மீட்டருக்கு அஞ்சு கிராம் தழைச்சத்து வேணும்னு வச்சுக்க. காற்பந்துத் திடல் 105க்கு 68 மீட்டர், ஆக 7,140 சதுர மீட்டர். தழைச்சத்து கிட்டத்தட்ட 36 கிலோ. உரமாப் பாத்தா 238 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில அஞ்சுக்குக் கொஞ்சம் கொறைவு. ஆனா நம்ம ஆளுங்க கணக்கு வேற: கையில எம்புட்டு வருதோ அம்புட்டு. விழுந்த எடத்துல கருகும், விழாத எடத்துல மஞ்சளாகும். தூரத்துல இருந்து பாத்தா புலித்தோல் மாதிரி அழகா இருக்கும். பெருமழைக்கு முன்னாடி போட்டா இன்னும் விசேசம், புல்லுக்கு ஒண்ணும் சேராது, ஆத்துப் பாசிக்கு அன்னதானம். மண்ணுல புளிப்பு எம்புட்டுன்னு சோதிச்சுப் பாத்து, வேணும்னா சுண்ணாம்பு போடணும்னும் சொல்லுவாங்க. நம்ம பக்கத்து மண்ணு பெரும்பாலும் புளிப்புதான். வெத்தலைக்குத்தான் சுண்ணாம்புன்னு நெனைக்கிறவன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?

மருந்துப் பாடத்துல மட்டும் எனக்குக் கேலி வரமாட்டேங்குது மாப்ளே. தோட்டத்துல முதுகுல பம்பைக் கட்டிக்கிட்டு பாரகுவாட் அடிச்சது பெரும்பாலும் நம்ம பொம்பளைங்க. கையுறை கெடையாது, முகத்துல ஒரு பழந்துணி. டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கத் தெரியாது, வாசிச்சுச் சொல்லவும் யாருமில்ல. நகம் கழண்டு போனவங்களை நானே பாத்திருக்கேன். 2002ல தடைன்னாங்க, 2006ல தளர்த்தினாங்க, கடைசியில 2020 ஜனவரி 1ந் தேதிதான் முழுசா நிறுத்தினாங்க. லேபிளை வாசிக்கிறது, அளவு பாக்குறது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து நிக்கிறது. இந்த ஒரு பாடத்துக்காகவே நீ கோர்ஸுக்குக் கட்டுற பணம் தகும். அன்னைக்கு மட்டும் பின் பெஞ்சுல தூங்காதே.

கோர்ஸு முடிஞ்சதும் கம்பெனி தொறப்பே, எனக்குத் தெரியாதா? கம்பெனி பதியுற எஸ்.எஸ்.எம்.ல சொந்தப் பேருல பதிஞ்சா வருசத்துக்கு 30 வெள்ளி, வேற பேரு வச்சா 60. ‘இன்டர்நேஷனல்’னு பேரு வைக்காதே. ஒந் தொழிலு லாபீஸைத் தாண்டறதுக்கே ரெண்டு வருசமாகும். அப்பன் வச்ச பேரு போதும், மிச்சம் 30 வெள்ளிக்கு நைலான் கயிறு வாங்கு. வேறொருத்தன் கொறைச்சு வெட்டுறான்னு வீட்டுக்காரன் சொன்னா, ‘சரி, அவனை வெட்டச் சொல்லுங்க, மூணு மாசம் கழிச்சு நான் வர்றேன்’னு சிரிச்சுக்கிட்டே வந்துரு. தொட்டாச்சிணுங்கி ஒனக்காக அங்க வேலை பாக்கும்.

இத்தனை கேலிக்கும் நடுவுல, நெசமா ஒரு சேதி. இது ஒனக்கில்ல, ஒங்கப்பனுக்கு. என் மச்சான் கன்ட்ராக்காரன் லாரியில தொத்திக்கிட்டுப் போயி ஹைவே ஓரமும் பள்ளிக்கூடத் திடலுமா வெட்டித் தள்ளுன ஆளு. எந்தப் புல்லு எந்த மாசம் படுக்கும், எந்தப் பள்ளத்துல தண்ணி நிக்கும்னு ஒன் வாத்தியாருக்கே சொல்லித் தருவான். ஆனா சம்பளம் கேட்டா ‘சர்டிபிகேட்டு இருக்கா?’ங்கிறான் நேத்து வந்த பய. தோட்டத்துல இருந்து வந்த நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேரோட கதை இதுதான். வேலை கையில இருக்கு, காகிதம் இல்ல. காகிதம் வச்சிருக்கிறவன் குனிஞ்சு புல்லைத் தொட்டதில்ல.

அரசாங்கம் இதுக்கு ஒரு கதவைத் தொறந்துதான் வச்சிருக்கு. 2006ல வந்த 652ஆம் சட்டத்துக்குக் கீழ திறன் மேம்பாட்டு இலாகா எஸ்.கே.எம். சான்றிதழ் குடுக்குது. ஒண்ணாம் நெலையில இருந்து மூணு வரைக்கும் சான்றிதழ், அதுக்கு மேல டிப்ளோமா. வகுப்புல ஒக்காந்துதான் வாங்கணும்னு இல்ல. பி.பி.டி.ன்னு ஒரு வழி இருக்கு. இத்தனை வருசம் செஞ்ச வேலைக்கு அத்தாட்சி காட்டினா, அதை மதிப்பிட்டு அதே சான்றிதழைக் குடுப்பாங்க. நம்மாளுங்கள்ல பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

அதனால நீ கோர்ஸுக்குப் போற அன்னைக்கே, நெலவனப்புப் பராமரிப்புக்கு பி.பி.டி. எங்க எடுக்கலாம்னு கேட்டுட்டு வா. ஒங்கப்பன் மெசினு பிடிச்சு வெட்டுறதைப் போன்ல படம் எடு, தேதி தெரியுற மாதிரி. பழைய கூலிச் சீட்டு, கன்ட்ராக்காரன் குடுத்த கடுதாசி, எதையும் ஒங்கம்மா அடுப்புல போடாம பாத்துக்க. இதை வாசிக்கிற மத்தவங்க வீட்டுலயும் இப்படி ஒரு அப்பனோ மாமனோ இருந்தா, இன்னைக்கே அந்தப் படத்தை எடுத்து வைங்க.