துருவியல்: பழைய ஜீப் கொள்வார்க்கு ஒரு முன்னாய்வு

போடிநாயக்கனூரிலோ கம்பத்திலோ ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையில், நான்கு சக்கரத்திலும் காற்றில்லாமல் நிற்கும் ஜீப்பைக் கண்டதும் ஒருவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால், அந்நிலைக்குக் கைக்கிளை என்று பெயர். ஆசை ஒரு பக்கம்தான். ஜீப்புக்கு இதில் அபிப்பிராயம் கிடையாது. இந்நிலை எய்தியவர் ‘வாங்கலாமா, வேண்டாமா’ என்று பிறரைக் கேட்பது ஆலோசனைக்கு அன்று, பின்னாளில் பழி போட ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு. ஆயினும் வினா எழுந்துவிட்டபடியால் ஆய்வும் எழ வேண்டியதாயிற்று.

முதலில் ஜீப்பை வரையறுப்போம். முதல்நூல் சிஜே3பி. அமெரிக்க வில்லிஸ் நிறுவனம் 1953இல் வெளியிட்டது. அதன் உரிமத்தில் மகிந்திரா இங்கே கட்டியது. பானட் நெற்றிமேடாக உயர்ந்திருப்பதே இதன் அடையாளம். அழகுக்காக அன்று. ஹரிக்கேன் இன்ஜினில் காற்றை உள்ளே விடும் வால்வுகளைத் தலைப்பகுதியில் வைத்தார்கள்; இன்ஜின் உயரமாயிற்று, பானட்டும் கூடவே எழும்ப வேண்டியதாயிற்று. அமெரிக்கர் 1968இல் இதைக் கைவிட்டனர். நாம் அவ்வளவு எளிதில் எதையும் கைவிடுவதில்லை. அதற்குப் பின்னும் பல்லாண்டு கட்டினோம். எம்எம்540 முதலியன வழிநூல்கள். ஒரு வண்டியின் சேஸ், இன்னொன்றின் இன்ஜின், மூன்றாவதன் ஹவுசிங் என்று சேர்த்துக் கட்டியவை சார்புநூல்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலி இவ்வகைக்குப் பேர்போனது. கொல்லையில் நிற்பது எந்த நூல் என்று அறியாமல் விலை பேசுபவர் முகவுரை படிக்காமல் தேர்வு எழுதுபவர்.

இனித் துரு. இரும்பும் ஈரமும் காற்றும் கூடினால் துரு பிறக்கும் என்பது பள்ளிப் பாடம். அது எந்த நிலத்தில் பிறந்தது என்பதே ஆய்வாளன் கேட்க வேண்டியது.

நெய்தல் துருவே கொடியது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும்வரை, தனுஷ்கோடிக்குப் போனவர்களை ஜீப்பும் வேனும்தான் கடலோர மணலிலும் உப்புநீரிலும் ஏற்றிச் சென்றன. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துருவை விரைவுபடுத்தும். அங்கே உழைத்த வண்டியை வெளியே எத்தனை முறை கழுவினாலும் சேஸின் மடிப்புக்குள் ஒரு ராமேசுவரம் இருந்துகொண்டே இருக்கும். குறிஞ்சித் துரு சற்று மெதுவானது. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆளேற்றிப் போகும் ஜீப்புகளுக்கு உரியது. மஞ்சும் சாரலும் வளர்த்தது. மருதத் துரு சேற்றோடு வரும். வயல்சேறு சேஸுக்குள் அடைந்து காயாமல் கிடக்கும் இடத்திலெல்லாம் தகடு உள்ளிருந்து தின்னப்படும். பாலைத் துரு மேற்பூச்சு மட்டுமே. பார்க்க அச்சமூட்டும், தேய்த்தால் போய்விடும். முல்லைக்கு உரிய ஒழுக்கம் இருத்தல் என்பதால், துபாயில் இருக்கும் மகன் வந்து ஓட்டுவான் என்று ஷெட்டில் காத்திருக்கும் ஜீப்பை இதில் அடக்கலாம். மேனி பழுதில்லை, காலியான பெட்ரோல் டேங்குக்குள் ஈரம் வியர்த்து வியர்த்து அங்கே துரு பிடித்திருக்கும். சிஜே3பியில் டேங்க் இருப்பது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். ஆதலால் இவ்வாய்வை உட்கார்ந்தபடி செய்யலாகாது.

நிலம் தெரிந்தபின் அகம், புறம் பார்க்க வேண்டும். மட்கார்டு, கதவு, பானட் இவற்றில் தோன்றுவது புறத்துரு. பத்து ஊருக்குத் தெரியும்படி இருக்கும், டிங்கர் கையால் தீரும். இதைக் கண்டு பின்வாங்கியவர்கள் எத்தனையோ நல்ல வண்டிகளை இழந்திருக்கிறார்கள். அகத்துரு பிறர் அறியாதது. சேஸின் பின் குறுக்குச்சட்டத்திலும், பட்டைக்கட்டு மாட்டும் தாங்கிகளிலும், பாடியைச் சேஸோடு இறுக்கும் இடங்களிலும், கால்மிதிக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸில் தரைத்தகட்டுக்கு அடியிலுள்ள தாங்கிகளுக்குள் மரக்கட்டையைச் செருகி வைத்தார்கள். மரம் நீரைக் குடித்தது, இரும்பைத் தின்றது. போரை வென்றவர்கள் மழைக்காலத்தை எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

ஆய்வுக் கருவிகள் மூன்று: சுத்தி, திருப்புளி, காந்தம். சட்டத்தைத் தட்டினால் ணங் என்று ஒலிப்பது உயிருள்ள இரும்பு. தொப் என்று விழும் ஓசை அடுக்கடுக்காய்ப் பிரிந்த துருவினுடையது. திருப்புளி சட்டத்துக்குள் இறங்கினால் அத்தோடு எழுந்து கையைத் துடைத்துக்கொள்ளலாம். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது. பட்டியின்மேல் பளபளக்கும் பெயின்ட் இருக்கிறது. டெல்லி இரும்புத்தூண் 1,600 ஆண்டாகத் துருவுக்கு இடங்கொடாமல் நிற்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்வர். அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. வண்டி கட்டியவர்களுக்கு அந்த நோக்கம் இருந்ததில்லை.

விற்பவர் வாய்மொழிக்கும் உரை காண்பது மரபு. “துரு மேலாப்புலதான் தம்பி” என்றால் கீழே குனியாதே என்பது பொருள். “இன்ஜின் கல்லு மாதிரி” என்பது பெரும்பாலும் உண்மை. நெடுநாள் நின்ற இன்ஜின் உள்ளே இறுகிப்போய்க் கல்லைப் போலவே அசையாதிருக்கும். “மிலிட்டரி ஏலத்துல எடுத்தது” என்றால் ஏலத் தாளைக் கேட்க வேண்டும். தாள் இல்லை எனில் ராணுவமும் இல்லை.

காயலான் கடையார் இந்தப் பாகுபாடு எதையும் ஏற்பதில்லை. அவர்கள் எடைக்கோட்பாட்டினர். சிஜே3பி சுமார் 1,000 கிலோ. அன்றைய இரும்பு விலையால் பெருக்கினால் வருவதே அதன் மதிப்பு என்பர். இதில் ஒரு நயமுண்டு. இரும்பு துருவாகும்போது ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு எடை கூடும். 100 கிலோ இரும்பு முழுக்க இரும்பு ஆக்சைடாக மாறினால் சுமார் 143 கிலோ. அவ்வாறெனில் துரு ஏற ஏற விலையும் ஏற வேண்டுமே என்று கேட்கலாம். கடைக்காரர் தராசில் வைப்பதற்கு முன் சுத்தியால் நாலு போடு போடுவார், உதிர்வது உதிரும். எனினும் இக்கோட்பாட்டை நான் தள்ளிவிடவில்லை. பேரம் இறங்கக்கூடிய அடிமட்டம் எது என்பதை அதுவே சொல்கிறது.

இதுகாறும் சொன்னவை எல்லாம் வெல்டிங் வைத்தும், புதுப்பேட்டையில் பழைய உறுப்பு தேடியும் தீர்க்கத் தக்கவை. தீராதது ஏட்டுத்துரு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டியின் ஆர்சி 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கேஎல் 06 என்ற இடுக்கி எண்ணோடு மலையிறங்கிய ஜீப்பை டிஎன் 60 ஆக்கித் தேனியில் ஓட்ட, அங்கிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும்; இங்கே வரி கட்ட வேண்டும். சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் ஆர்சியில் பெயருள்ளவர். அவர் காலமாகி, வாரிசுகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தால், எந்த டிங்கராலும் அதை ஒட்டவைக்க முடியாது. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 முதல் விஏ என்ற எழுத்துகளோடு தனிப்பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்ற ஜீப் தேடுபவருக்கு இந்தக் கௌரவம் உதவாது.

அகத்துருவும் ஏட்டுத்துருவும் சந்திக்கும் புள்ளி ஒன்றுண்டு: சேஸ் எண். பெயர் மாற்றத்தின்போது அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுப்பது வழக்கம். ஆகவே சுத்திக்கு முன்பே பென்சிலை எடுக்கச் சொல்வேன். எண் தெளிவாக விழுந்து, ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்து, குறுக்குச்சட்டமும் ணங் என்றால், பானட் சல்லடையாய் இருந்தாலும் முன்பணம் கொடுக்கலாம். எண் இருந்த இடத்தில் செதில்தான் இருக்கிறது எனில் அந்த வண்டி உறுப்புகளுக்கு மட்டுமே ஆகும். “அதுக்கென்னண்ணே, புதுசா வெட்டிக் குடுத்துறலாம்” என்று பக்கத்தில் நிற்கும் புரோக்கர் சொல்வாராயின், அது ஆய்வுத் துறையின்பாற்பட்டதன்று, காவல் துறையின்பாற்பட்டது.