யவன விகார இயல்

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் யவனர் நாவில் பட்ட பாட்டை இதுகாறும் வரலாற்றாசிரியரே எழுதினர், இலக்கணிகள் கைவைக்கவில்லை. அதனால் யவனர் வாய்க்கு வந்தபடி பெயர்களைச் சிதைத்தனர் என்னும் அபவாதம் நிலைத்துவிட்டது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரங்களை அம்மாலுமிகள் நன்னூல் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே வழுவாது கைக்கொண்டனர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

மதுரை ‘மொதூரா’ ஆயிற்று. கரூர் ‘கரூரா’ ஆயிற்று. இரண்டும் ஈற்றில் ஆகாரம் பெற்றன. முசிறி, றகரம் திரிந்து ஸகரம் தோன்றி ‘முசிரிஸ்’ என நின்றது. ‘சோபட்மா’வில் பட்டினம் இடைக்குறைந்தது, அத்துறையை மரக்காணம் என்பர். உறையூரின் நிலை சற்றுச் சிக்கலானது. கி.பி. முதல் நூற்றாண்டுப் ‘பெரிப்ளஸ்’ நூலில் அது ‘அர்கரு’. இரண்டாம் நூற்றாண்டுத் தாலமியிடம் ‘ஓர்தூரா’. ஒரே ஊரை இருவர் இருவகையாகக் கெடுத்திருப்பது, விகாரத்தில் உறழ்ச்சி உண்டு என்பதற்குச் சான்றாகும். சோழரின் ழகரம் ரகரமானதைக் குற்றமென்போர் உளர். அதனை ளகரமாக ஒலிக்கும் உள்நாட்டாரை என் செய்வது என்பதற்குத் தனி இயல் வேண்டும், ஈண்டு விடப்பட்டது.

இவற்றுள் தலையாயது கொற்கை. தாலமி இதனைக் ‘கொல்கோய்’ என்கிறார். கருங்கடற்கரையில் பொன்மயிர் ஆட்டுத்தோல் இருந்த கொல்கிஸ் நாட்டினருக்கும் கிரேக்க மொழியில் அதுவே பெயர். முத்துக்குளிக்கும் பாண்டியத் துறையும் ஆட்டுத்தோல் காத்த நாடும் இவ்வாறு ஒரு சொல்லில் உறவாயின. முத்துக்கும் ஆட்டுமயிருக்கும் உள்ள வேற்றுமை பொருளைப் பற்றியதே அன்றி ஒலியைப் பற்றியதன்று.

இனிக் காஞ்சி. பதஞ்சலியின் மாபாடியம் காஞ்சியை அறியும். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் அதனைச் சீனத்தில் எழுதினார். யவனர் நூல்களிலோ ஐயமற அடையாளம் காணத்தக்க காஞ்சி இல்லை. தாலமி கூறும் ‘மலங்கா’ என்னும் அரசிருக்கையைச் சிலர் மாவிலங்கை என்பர். இவ்விடுபாட்டைப் பின்வந்த ஆங்கிலேயர் ஈடுசெய்து ‘காஞ்சீவரம்’ என்றனர். புரம் வரமாயிற்று. வரதராசர் உறையும் ஊருக்கு இது பொருந்தாதென்று சொல்ல இயலாது.

காஞ்சிக்கே இந்நிலையெனின், வேகவதிக் கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றத்தை யவனர் விட்டதில் வியப்பில்லை. சினகாஞ்சி எனப்படும் இவ்வூரில் திரைலோக்கியநாதர் கோயில் உண்டு. 1387இல் விசயநகர அமைச்சர் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபம் உண்டு. விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாற்று ஓவியங்கள் உண்டு. குன்றம் இல்லை. பட்டுத்தறிகளின் நகரை அடுத்திருந்தும் பெயரில் நிற்பது பருத்தி. பெயர்ப்பொருளை இவ்வூரிடம் கேட்டறிதல் கூடாமையின் அயல்மொழியிடம் கேட்பதே முறை.

அதற்கு வழிகாட்டி திருச்சிராப்பள்ளி. ஆங்கிலேயர் அதனை ‘டிரிச்சினாப்பொலி’ என்றனர். சமணத் துறவியர் உறைவிடத்தையும் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல் அவ்வெழுத்தில் ‘பொலிஸ்’ போலத் தோன்றும். பொலிஸ் கிரேக்கத்தில் நகர். ‘த்ரிகோஸ்’ அம்மொழியில் மயிரினது என்று பொருள்படும். ஆகவே மலைக்கோட்டை அமைந்த அவ்வூர் மயிர்நகர் ஆகிறது. இம்முடிவை அவ்வூரார் ஏற்பரா என்பது ஆய்வின் எல்லைக்குப் புறம்பானது.

இம்முறையைத் திருப்பருத்திக்குன்றத்தின்மேல் ஏற்றுக. பன்னிரண்டு எழுத்துகளில் ஐந்து மெய். இத்தனை மெய்களைப் பாய்மரக் காற்றில் ஒலிப்பது அரிது. முதற்கண் ‘திரு’ தலைக்குறையும். பகரம் மெலிந்தொலிக்கும். குன்றம் கடைக்குறைந்து, மொதூரா நெறியில் ஆகாரம் பெற்று, ‘பருதிகொந்த்ரா’ எனத் திரண்டு நிற்கும். கிரேக்கத்தில் ‘பருஸ்’ கனமானது, ‘கொந்த்ரோஸ்’ குருத்தெலும்பு. எனவே ஊரின் பொருள் கனத்த குருத்தெலும்பு. நடுநின்ற ‘தி’ சாரியை எனக் கொள்ளப்படும். பொருளற்ற எழுத்தைச் சாரியை என்பது மரபு. மயிர்நகரும் குருத்தெலும்பும் ஒரே நாட்டில் அமைவதால், தமிழகத்து ஊர்களை உடற்கூற்றின் வழி வகுத்தல் வேண்டும் என்பதும் பெறப்படுகிறது. தோலுக்குரிய இடம் கொற்கைக்கு முன்பே ஒதுக்கப்பட்டுள்ளது.

யவனர் இவ்வூருக்கு வந்தாரில்லையே என்பது ஒரு தடை. வருகை விகாரத்திற்கு இன்றியமையாததன்று. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்திலிருந்து விரைந்து பேசுவோர் இவ்வூரைப் ‘பருத்திக்குன்றம்’ என்றே சொல்வர். தலைக்குறை ஏற்கெனவே நடந்தேறியிருக்கிறது, எஞ்சியவை இரண்டே.