கீசர் மரண லக்ஷண நிர்ணயம்

நாடி பிடித்து மனிதனுடைய ஆயுளைச் சொல்லும் சாஸ்திரம் நம் நாட்டில் பழமையானது. யானைக்கும் குதிரைக்கும்கூடத் தனித்தனியே வைத்திய நூல்கள் உண்டு. ஆயினும், குளியலறைச் சுவரின் உச்சியில், ஒருவரும் நிமிர்ந்து பாராத ஸ்தானத்தில், வருஷக்கணக்காக நமக்கு ஊழியம் புரியும் கீசருக்கு அந்திம காலம் நெருங்கிவிட்டதா, இன்னும் சில நாள் தாங்குமா என்று நிர்ணயிக்க எந்த ஆசிரியரும் ஏடு எடுத்ததில்லை. லண்டன் நகரத்துப் பெஞ்சமின் மாகன் என்பவர் 1868-ல் எரிவாயுவால் குளியல் நீரைச் சுடவைக்கும் கருவியை இயற்றிய நாள்முதல், அதை எவ்வாறு பொருத்துவது என்பதையே உலகம் சொல்லிவந்திருக்கிறதேயொழிய, எப்போது கழற்றுவது என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. அக்குறையை ஒருவாறு நீக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

இவ்விஷயத்தில் இல்லங்களில் இரண்டு மதங்கள் வழங்குகின்றன. ‘காயிலை மாற்றினால் போதும்’ என்பது ஒன்று. ‘தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும்’ என்பது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் பணம் கொடுக்கிறவருடைய மதம். பின்னது, தலையெல்லாம் சீயக்காயோடு நிற்கும்போது குழாயில் திடீரென்று பச்சைத் தண்ணீர் வரப்பெற்றவருடைய மதம். இரு சாராரும் கருவியைப் பாராமல் தத்தம் அனுபவத்தையே பிரமாணமாகக் கொள்வதால், வாதம் நீண்டுகொண்டே போவதும், நடுவில் கீசர் தானே தீர்ப்புக் கூறிவிடுவதும் சகஜம். ஆகவே, சித்த வைத்தியர் நோயாளியிடம் காணும் எண்வகைத் தேர்வில் இதற்குப் பொருந்துவனவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பாரபட்சமின்றிப் பரீக்ஷிப்பதே முறை. (மல மூத்திரங்கள் நீங்கலாக என்று சொல்ல எண்ணினேன், பின்னால் வரும் கசிவுப் பிரகரணத்தை நோக்க, அவ்வாறு உறுதி கூறத் துணிவு வரவில்லை.)

முதலாவது, மொழி. சுவிட்சைப் போட்டுச் சிறிது நேரத்தில் உள்ளே கடகடவென்று சப்தம் எழுமானால் அஞ்ச வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு கண்டதும் சிதைந்து, சுண்ணாம்புப் படிவமாகக் காயிலின் மேலும் தொட்டியின் அடியிலும் தங்குகிறது. அப்படிவத்தினடியில் சிக்கிய நீர் கொதித்து, ஆவிக்குமிழிகளாக முட்டி மோதி வெளியேறும் ஓசையே அது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிட்டாவிடில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கிறது. வீட்டுப் பக்கெட்டின் உட்புறத்து வெண்படலமோ, எண் எதுவும் கூறாமல் அதே விஷயத்தை அறிவித்துவிடும். காயிலை உருவி உப்பைச் சுரண்டினால் சப்தம் அடங்கும். உப்புக் கவசத்துக்குள் சூட்டை வெளிவிட மாட்டாமல் காயில் வெந்து அறுந்திருந்தாலும், மாற்றுக் காயில் கடையில் கிடைக்கும். சாஸ்திரப்படி இது ஸாத்தியம், அதாவது குணமாகத்தக்கது.

‘முன்போல் சீக்கிரம் சுடுவதில்லை’ என்னும் முறையீட்டையும் இங்கேயே தள்ளிவிடலாம். 2000 வாட் காயில் 15 லிட்டர் நீரை 30 பாகை உயர்த்த ஏறத்தாழ 16 நிமிஷம் வேண்டும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 184 வோல்ட் வருமானால், அதே வேலைக்கு 25 நிமிஷம் பிடிக்கும். தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரின் பிழைக்காகக் குளியலறைக் கீசருக்குத் தூக்குத் தண்டனை விதிப்பது நியாயமாகாது.

நிறமே ஆழ்ந்த விசாரத்துக்கு உரியது. வெந்நீர் செந்நிறமாக வருமானால், பக்கத்துத் தண்ணீர்க் குழாயையும் திறந்து பார்க்க வேண்டும். அதுவும் சிவந்திருந்தால் குற்றம் பழைய இரும்புக் குழாயினுடையது. வெந்நீர் மட்டும் சிவந்திருந்தால், கீசரின் உள்ளுடம்பு துருப்பிடிக்கத் தொடங்கியதென்று அனுமானிக்கலாம். எஃகுத் தொட்டியின் உட்புறத்தில் கண்ணாடிப் பூச்சு இருந்தும், அதன் நுண்ணிய பிளவுகள் வழியே நீர் எஃகைத் தீண்டாமலிராது. அப்போது எஃகுக்குப் பதிலாகத் தான் கரையும்படி ஒரு மக்னீசியக் கோலை உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். மெக்கானிக்குகள் ‘ஆனோடு ராடு’ என்று வழங்கும் இத்தியாகி தம் வீட்டில் வாசம் செய்வதையே பலர் அறியார். ஓர் உலோகத்தைக் காக்க மற்றோர் உலோகத்தைப் பலியிடும் இவ்வுபாயத்தை, பிரிட்டிஷ் போர்க் கப்பல்களின் அடிப்புறத்துச் செப்புத் தகட்டைக் காப்பதற்காக 1824-ல் சர் ஹம்ஃப்ரி டேவி எடுத்துரைத்தார். தகடு காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் செம்பு கரையாது போகவே, அதன் நஞ்சுக்கு அஞ்சி விலகியிருந்த பாசியும் சிப்பியும் நிர்ப்பயமாகக் குடியேறிக் கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. கடற்படை கைவிட்டதைக் குளியலறை ஏற்றுக்கொண்டது. கோல் முற்றும் கரைந்த பின் அடுத்து அரிபட வேண்டியது தொட்டியே. கோலை மாற்றிய பிறகும் நீர் சிவந்தே வருமாயின், குணமாகாவிடினும் காலம் தள்ளத்தக்க யாப்பிய நிலை வந்துவிட்டதென்று கொள்க.

ஸ்பரிசப் பரீக்ஷையை எக்காரணத்தாலும் செய்யற்க. குழாயைத் தொட்டதும் ஷாக் அடிக்குமானால், காயிலின் உறை வெடித்திருப்பதும் எர்த் சரியில்லாததும் ஒருங்கே விளங்கும்; மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைப்பதே செயல். 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அதுவே நமக்கு முன் தொட்டுப் பார்த்துவிடும்.

எஞ்சியது கசிவு. சொட்டு எங்கிருந்து வருகிறது என்பதிலேயே தீர்ப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. 25 லிட்டர் நீர் 25 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் பெருகும். வந்த வழியே திரும்ப இயலாத அவ்வுபரி நீர் சேஃப்டி வால்வில் சொட்டுவது ஆரோக்கிய லக்ஷணம். குழாய் இணைப்பில் சொட்டினால் வாஷர். காயில் பொருத்திய இடத்தில் சொட்டினால் கேஸ்கட். இவற்றில் எங்கும் இன்றி, வெளிக்கூட்டின் விளிம்பிலிருந்து துருக்கோடாக நீர் இறங்குமாயின், உள்தொட்டி ஓட்டையாயிற்று. வெல்டிங் வைத்தால் அச்சூட்டில் சுற்றிலுமுள்ள கண்ணாடிப் பூச்சு வெடிக்கும். எம்-சீல் அப்பினால், அன்றாடம் சூடேறி ஆறும் தொட்டி அதைப் பெயர்த்தெறியும். இதுவே அஸாத்தியம், இவ்விடத்தில் காயில் மதத்தார் ஆயுதத்தைக் கீழே வைக்கக் கடவர். வயது 8 முதல் 12 வருஷம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆற்று நீர் குடித்த கீசரும் உப்பு நீர் குடித்த கீசரும் அதற்கு ஒருசேரக் கட்டுப்படா.

இத்தேர்வுக்கு உகந்த காலம் ஆடி. மாடித் தொட்டி நீர் வெயிலில் தானே காய்ந்திருப்பதால் கீசருக்கு ஓய்வு. மெக்கானிக்கும் கூப்பிட்ட நாளிலேயே வருவார். அஸாத்தியம் என்று தேறினாலும் கடைகளில் தள்ளுபடி நடக்கிறது. இத்தனை அனுகூலங்கள் கூடியிருந்தும், வெந்நீர் வேண்டாத மாதத்தில் கீசரை நினைப்பார் எவருமிலர். ஆகவே, ஐப்பசியில், தீபாவளியன்று விடியுமுன், வீட்டார் அனைவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதுதான் மேற்படி லக்ஷணங்கள் யாவும் ஒருங்கே கண்டறியப்படுகின்றன. அந்நேரத்தில் இரு மதத்தாரும் வாதத்தை ஒத்திவைத்து, ஆளுக்கொரு காதைப் பிடித்துக் கேஸ் அடுப்பின்மேல் அண்டாவை ஏற்றுகிறார்கள்.