கீச்சிலக்கணம்: மூன்று சூத்திரங்களும் உரையும்

தமிழுக்கு இலக்கணம் செய்த பெரியோர் எதையும் விட்டுவைக்கவில்லை. 2006 மார்ச் 21 அன்று ட்விட்டரை நிறுவியவருள் ஒருவரான ஜாக் டார்சி முதல் கீச்சை, அதாவது ட்வீட்டைப் போட்டபோது உயிரோடு இல்லாமல் போனது ஒன்றுதான் அவர்கள் பக்கத்துக் குறை. அதை நிரப்பவே இந்நூல் எழுந்தது. சூத்திரம் செய்தவரும் உரை செய்தவரும் ஒருவரே ஆகையால் பாடபேதம், இடைச்செருகல் முதலிய வழக்குகளுக்கு இங்கே இடமில்லை. அத்தளம் 2023 ஜூலையில் எக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. புதிதாய் ஒன்று திறந்து பல வருடம் ஆன பின்னும் பழைய பஸ் ஸ்டாண்டிலேயே இறங்குகிற மரபை ஒட்டி, யாம் ட்விட்டர் என்றே ஆள்வோம்.

*உயிரும் அகர உயிர்மெய்யும் ஒன்றே;*
*மெய்யும் ஏனை உயிர்மெய்யும் இரண்டே;*
*புள்ளியும் காசு பெறுமென மொழிப.*

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஒரு ட்வீட்டுக்கு 280 குறி என்னும் எல்லைக்குள் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்பது உணர்த்துதல் நுதலிற்று. ‘தமிழ்’ என்பது பள்ளிக்கூடத்தில் மூன்றெழுத்து. ட்விட்டரில் ஐந்து. த ஒன்று, ம ஒன்று, அதன் மேல் கொக்கி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. க்-உம் அ-வும் சேர்ந்தால் க என்று நாம் படித்தோம். யூனிகோடு தலைகீழாகப் படித்திருக்கிறது: அதற்கு க தான் முதல், அதன் தலையில் புள்ளி வைத்தால் க். ஆகவே அரை மாத்திரை ஒலிக்கும் மெய்க்கு இரண்டு குறி கொடுக்கவேண்டும். இரண்டு மாத்திரை நீட்டி முழங்கும் ஆ-வுக்கு ஒன்று கொடுத்தால் போதும்.

ஏடெழுதிய முன்னோர் ஓலை பொத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டுவிட்டே எழுதினர். இட நெருக்கடியில் பழகிய கை. இன்று இருந்தால் ட்விட்டரில் கொடி கட்டிப் பறந்திருப்பார்கள்.

இந்த எல்லை வந்த வரலாறும் இங்கே உரைக்கப்படும். ட்விட்டர் பிறந்தது எஸ்எம்எஸ் வயிற்றில். எஸ்எம்எஸ்ஸின் 160 குறியில் அனுப்புபவர் பெயருக்கு 20 ஒதுக்கி, மிச்சம் 140 என்று வைத்தார்கள். 2017 நவம்பரில் அது 280 ஆனது. ஆங்கிலத்தில் ட்வீட்டுகளில் 9 சதவீதம் எல்லையில் போய் முட்டுகின்றன, ஜப்பானியத்தில் 0.4 சதவீதமே முட்டுகின்றன என்று நிறுவனம் காரணம் சொன்னது. அதனால் ஜப்பானியம், சீனம், கொரியம் மூன்றுக்கும் உயர்வு இல்லை. கொம்பும் காலும் சுமந்து நடக்கும் தமிழுக்கு உயர்வு கிடைத்தது.

இனி இதன் பயன். ‘வா’ என்றால் இரண்டு குறி. ‘வாருங்கள்’ என்றால் ஒன்பது. ‘போடா’ நான்கு, ‘போங்கள்’ ஏழு. ஆக மரியாதை என்பது மெய்யெழுத்தால் ஆனது, மெய்யெழுத்தோ விலை கூடியது. தமிழ் டைம்லைனில் முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் ஒருமையில் விளிப்பதற்குப் பண்புக்குறைவு காரணம் அன்று, இட நெருக்கடியே காரணம் என்பது இதனால் பெறப்படும்.

அற்றேல், எல்லை இரட்டித்த பின் மரியாதையும் இரட்டித்திருக்க வேண்டுமே எனின், அற்றன்று. கூடுதலாகக் கிடைத்த 140-ஐ மக்கள் எதிராளியின் குடும்பத்தாரையும் விசாரிக்கச் செலவிட்டார்கள். இதனால் எம் கோட்பாடு விழுந்தது என்பார் கூற்று பொருந்தாது. கோட்பாடு சரி, மக்கள்தான் அதைப் படிக்கவில்லை.

இடத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் இன்னொன்றும் அறிக. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 குறிதான். முகவரியைச் சுருக்கித் தரும் தளங்களுக்குப் போய் அதைக் கழுத்தை நெரித்துக் கொண்டுவருவோர் செய்வது வீண்வேலை. மாறாக, பத்து எழுத்தில் முடியும் முகவரிக்கும் அதே 23 தான். கையிருப்பு மாளும் தறுவாயில் இது வயிற்றெரிச்சலைத் தரும்.

புள்ளி பற்றிப் புறனடை ஒன்று. ஒருவர் பெயரை முதலில் வைத்து எழுதினால் அது பதிலாகக் கொள்ளப்பட்டு, ஊர் கண்ணுக்குத் தெரியாமல் போன காலம் இருந்தது. அப்போது பெயரின் முதலில் வரும் @ என்னும் அட்டுக்குறிக்கு முன்னால் ஒரு புள்ளி குத்தி எழுதினர். எழுதியவர் சண்டையைச் சபையில் போட விரும்புகிறார் என்பது அப்புள்ளியின் பொருள். தொல்காப்பியர் காலத்திலிருந்து புள்ளி செய்துவந்த வேலைகளில் இதுவே மிகவும் வில்லங்கமானது.

*வெளியிடை வரினே குறிச்சொல் அறுமே.*

குறிச்சொல் என்றது ஹேஷ்டேக்கை. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற பயனர் முன்மொழிந்தது. கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தது அன்று. ஆர்டி, அதாவது ரீட்வீட், போடுவதும் அப்படியே: முதலில் ஆட்கள் கையால் எழுதினர், 2009-இல்தான் பொத்தான் வந்தது. சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் குறிச்சொல் அங்கேயே முறியும் என்பதால் சொற்கள் ஒட்டியே வரும், அல்லது அடிக்கோடு பெறும். வல்லினம் மிகுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதற்கு உதாரணம் 2019 மே இறுதியில் உலக அளவில் ஓடிய ‘பிரே ஃபார் நேசமணி’. சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று பாகிஸ்தானிய ஃபேஸ்புக் பக்கம் ஒன்று கேட்டது. ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், இதனால்தான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது என்று சேர்த்தார். 2001-இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் அந்த நேசமணியாக நடித்த வடிவேலுவுக்கு, பதினெட்டு வருடம் கழித்து உலகமே பிரார்த்தித்தது. ட்ரெண்டிங் செய்வது எப்படி என்று வகுப்பெடுப்பவர்கள் இதை விளக்கட்டும்; யாம் விளக்கமாட்டோம்.

*எழுதுவோன் கருவியிற் படிப்போன் கருவி*
*சிறப்புடைத் தென்ப, அதனினும் சிறப்பே*
*படியாது விடுவோன் கருவி என்க.*

இதுவே நூலின் உயிர்நிலை. கீச்சுவது எப்படி என்று சொல்வார் பலர். எதைப் பார்க்காமல் இருப்பது என்று சொல்வார் இல்லை.

தேடற்பெட்டி முதலாவது. அதில் ஃப்ரம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ஒருவர் பெயரைக் கொடுத்தால் அவர் எழுதியவை மட்டும் வரும். சின்ஸ், அன்டில் என்ற இரண்டையும் அவ்வாறே ஆண்டு, மாதம், நாள் வரிசையில் சேர்த்தால் காலமும் கட்டுக்குள் வரும். ஓர் அரசியல்வாதி கட்சி மாறிய மாலைக்குள் அவருடைய பழைய கீச்சுகள் உலவத் தொடங்குவது இக்கருவியின் திருவிளையாடல்.

இரண்டாவது மியூட். படம் வெளியாகும் நாளில் அதன் பெயரை ஊமையாக்கி வைத்தால் கிளைமாக்ஸைச் சொல்லிக் கெடுப்பவர்களிடமிருந்து தப்பலாம். 24 மணி, 7 நாள், 30 நாள், எப்போதும் என நான்கு கால அளவு உண்டு. ஆனால் தமிழில் ஒரு சிக்கல். ‘நேசமணி’யை ஊமையாக்கினால் ‘நேசமணியை’, ‘நேசமணிக்கு’, ‘நேசமணியால்’ எல்லாம் உருபேற்று, சல்லடையில் சிக்காமல் நுழைந்துவிடுவதுண்டு. ஆகவே வேற்றுமை எட்டையும் தனித்தனியே பட்டியலில் ஏற்றுக. விளிவேற்றுமையை மறவற்க, திட்டுபவர்கள் பெரும்பாலும் கூப்பிட்டு வைத்தே திட்டுவார்கள். பத்தாம் வகுப்பில் படித்த இலக்கணம் இவ்வளவு உருப்படியாகப் பயன்பட்ட இடம் வேறொன்றை உரையாசிரியர் அறியார்.

மூன்றாவது பட்டியல், ஆங்கிலத்தில் லிஸ்ட். ஒருவரைப் பின்தொடராமலே அவர் எழுதுவதைப் படிக்க இது வழி. மேலதிகாரி, முன்னாள் நண்பர், சம்பந்தி வீட்டார் ஆகியோர் இதற்கு உரியவர். பிரைவேட் என்ற பொத்தானை அழுத்தினால் அவர்களுக்குத் தெரியாது. அழுத்த மறந்தால், இன்னார் உங்களை இன்ன பட்டியலில் சேர்த்திருக்கிறார் என்று பட்டியலின் பெயரோடு அவர்களுக்குச் செய்தி போய்விடும். ‘மொக்கைகள்’ என்று பெயர் சூட்டிய பட்டியலில் மேலதிகாரியைச் சேர்ப்போர் இதைக் கருத்தில் கொள்க. எப்பட்டியலுக்கும் ‘அறிஞர்கள்’ என்று பெயரிடுவதே உத்தமம். பொத்தானை மறந்தாலும் கேடில்லை. அவர் மகிழ்ந்து உங்களைப் பின்தொடரத் தொடங்குவார், பிறகு அவரையும் மியூட் செய்துகொள்ளலாம்.