நெய் மிதந்த பிளேக் சூப்பு

திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்பது நம்பிக்கை. பக்கத்துத் திருப்பாச்சூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஆட்டுக்கறிச் சாற்றில் நெய்யை விட்டுப் பிளேக்கை விரட்டப் புறப்பட்ட ஒரு மகானுபாவரைத் தெரியுமா? டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். படித்தது விலங்கியல்!

வால்டமார் ஹாஃப்கின். 1860-ல் ஒடெஸாவில் பிறந்த யூதர். மதம் மாறினால் பல்கலைக்கழகத்தில் நல்ல வேலை என்று ரஷ்யாவில் ஆசை காட்டினார்கள். மாட்டேன் என்றுவிட்டுக் கடைசியில் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பெரிய லேப், வெள்ளைக் கோட்டு என்றுதானே நினைக்கிறீர்கள்? கிடைத்தது லைப்ரரியன் வேலை.

புத்தகம் அடுக்கியதுபோக மிச்ச நேரத்தில் காலராவுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தார். 1892 ஜூலையில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். கல்யாணம் ஆகாதவர். வீட்டில் 'என்ன கண்றாவி இது?' என்று கேட்க ஆளில்லை.

அடுத்த வருஷம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. பம்பாய் ரயில் அரக்கோணம், திருவள்ளூர் வழியாகத்தானே மெட்ராஸுக்கு வர வேண்டும்? இந்தப் பக்கமும் கிலி பிடித்தது. மெட்ராஸ் ராஜதானியில் வெளியூர்ப் பயணிகளுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்தார்கள். 2020-ல் நாம் ராத்திரியெல்லாம் செல்போனைத் தேய்த்துத் தேய்த்து வாங்கினோமே இ-பாஸ், அதற்கு இது கொள்ளுத்தாத்தா!

பம்பாயைக் காப்பாற்ற வந்தவருக்கு மாபெரும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் அள்ளிக் கொடுத்ததைக் கேளுங்கள்: கிராண்ட் மெடிக்கல் காலேஜில் ஒரு ரூம், ஒரு தாழ்வாரம், ஒரு கிளார்க், மூன்று பியூன்கள். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம்தான், பட்ஜெட் மட்டும் சாயங்காலமே அஸ்தமித்துவிட்டது.

மனுஷர் அசரவில்லை. பிளேக் கிருமியை வளர்க்கக் கறிச்சாறு வேண்டும். மாட்டுக்கறி என்றால் இந்துக்கள் கொதிப்பார்கள், பன்றி என்றால் முஸ்லிம்கள். அவரே யூதர், பன்றி பக்கம் போக முடியாது. எல்லோருக்கும் பொதுவாக ஆட்டைப் பிடித்தார். மேலே சொட்டுச் சொட்டாக நெய் மிதக்கவிட்டார். அந்த நெய்யைப் பிடித்துக்கொண்டு கிருமிகள் விழுதுவிட்டு வளர்ந்தன. பிறகு சூடுபண்ணிக் கொன்றால் தடுப்பூசி தயார். கொத்தமல்லித்தழைதான் பாக்கி.

1897 ஜனவரி 10. பழைய வழக்கம் விடவில்லை. பின்னால் ஊருக்குப் போட்டதைவிடப் பல மடங்கு அளவில், 10 மில்லி, தனக்கே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. ஆள் பரம சந்தோஷம்!

மக்கள் நம்ப வேண்டுமே. முஸ்லிம் தலைவர் ஆகா கான் தானே முன்னால் வந்து, எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். ஒரு தடவை அல்ல, பல தடவை. இன்றைக்கு என்றால் செல்ஃபி மழைதான். அதோடு விட்டாரா ஹாஃப்கின்? பாலஸ்தீனத்தில் நிலம் வாங்கி யூதர்களைக் குடியமர்த்த துருக்கி சுல்தானிடம் தூது போகச் சொல்லி அதே ஆகா கானைப் பிடித்தார். யூதர்களுக்காக முஸ்லிம் தலைவர் ஒருவர் முஸ்லிம் சுல்தானிடம் சிபாரிசு! சுல்தான் முடியாது என்றுவிட்டார்.

இவ்வளவு பேர் வாங்கினால் டிகிரி வைத்திருந்த அரசாங்க டாக்டர்களுக்கு வயிறு எரியாதா? டாக்டர் அல்ல, வெள்ளைக்காரர்தான் ஆனால் ரஷ்யர், போதாததற்கு யூதர். 1902 அக்டோபரில் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில், ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸில் செத்தார்கள். பரிதாபம். பழி முழுக்க இவர் தலையில் விழுந்தது, வேலை போயிற்று. அந்தப் பாட்டிலைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் உபயோகித்ததும் ஆவணத்திலேயே இருந்தன. சாம்ராஜ்யத்துக்கு அதைப் படிக்க நேரமில்லை. 1907-ல் ரொனால்ட் ராஸ் உட்பட விஞ்ஞானிகள் லண்டன் டைம்ஸில் எழுதி மானத்தை வாங்கிய பிறகுதான் படித்தார்கள்.

திரும்பக் கூப்பிட்டுக் கல்கத்தாவில் உட்கார வைத்தார்கள். 1925-ல் பம்பாய் லேபுக்கே அவர் பெயரை வைத்தார்கள். துரத்தியதும் அதே சர்க்கார்தான், போர்டு மாட்டியதும் அதே சர்க்கார்தான்!

ரிட்டயர் ஆனபின் பார்த்தால் மைக்ரோஸ்கோப் ஆசாமி பழுத்த ஆசாரவாதி. 1916-ல் யூத ஆசாரத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். 1929-ல் சேர்த்த காசையெல்லாம் கிழக்கு ஐரோப்பிய யூத வேதபாடசாலைகளுக்கு அறக்கட்டளையாக எழுதிவைத்தார். பிள்ளைகள் வேதத்தோடு சயின்ஸும் கைத்தொழிலும் கற்க வேண்டுமாம். சொந்தமாக ஒரு பிள்ளை இருந்திருந்தால் இத்தனை கண்டிஷன் போட்டுத் தப்பித்திருக்க முடியுமா?